மூளைக் கட்டி ஆய்வில் சுண்டெலி: கேள்வியிலிருந்து முடிவு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மூளையில் கட்டி என்று அறிக்கை வந்த வீட்டுக்குக் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஒரு வாட்ஸ்அப் செய்தி வராமல் இருப்பது அரிது. "எலிகளில் மூளைக் கட்டி முற்றாக மறைந்தது" என்று தலைப்பு இருக்கும். வீட்டில் மருத்துவ பீடத்திலோ விஞ்ஞான பீடத்திலோ படிக்கிற பிள்ளை இருந்தால் செய்தி நேரே அந்தப் பிள்ளையின் கைக்குத்தான் போகும். "இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு, எங்கட ஆளுக்கு இது சரிவருமோ?"

அந்தப் பிள்ளைக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாளைக்கு வெளிநாட்டில் உயர்பட்டப் படிப்புக்குப் போய் இந்த ஆய்வுகளைக் கையால் செய்யப் போகிறவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: ஒவ்வொரு எலி மாதிரியுருவும், அதாவது மனித நோயைப் போன்ற ஒன்றை எலியில் உருவாக்கும் ஒவ்வொரு முறையும், சில கேள்விகளுக்கு மட்டுமே பதில் சொல்லும். எந்தக் கேள்வி என்று எழுதிவைத்த பிறகு எலியைத் தேடுங்கள். மாறிச் செய்தால் முடிவு எவ்வளவு அழகாக வந்தாலும் நோயாளிக்கு உதவாது.

முதற்படி: நோயை வடிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்

பெரியவர்களுக்கு மூளையிலேயே தொடங்கும் புற்றுநோய்களில் அதிகம் வருவதும் மிகக் கொடியதும் கிளியோபிளாஸ்டோமா. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டில் இது நான்காம் தரம். ஐ.டி.எச். என்ற பரம்பரையலகில் (மரபணுவில்) விகாரம், அதாவது மாற்றம், இல்லாத கட்டிகளுக்கே இப்போது இந்தப் பெயர். அந்த விகாரம் உள்ளவை வேறு நோய். இளையவர்களுக்கு வருபவை, மெதுவாக வளர்பவை. சிகிச்சை என்றால் முதலில் சத்திரசிகிச்சை, பிறகு ஆறு வாரத்தில் 30 தடவையாக மொத்தம் 60 கிறே கதிர், அதோடு டெமொசொலமைட் குளிசை. 2005இல் வெளிவந்த பெரிய மருத்துவ ஆய்வில், கதிர் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் (அரைவாசிப் பேர் உயிரோடு கடந்த காலம்) 12.1 மாதம், குளிசையும் சேர்ந்தவர்களுக்கு 14.6 மாதம். இருபது வருடம் கடந்தும் சிகிச்சையின் அத்திவாரம் அதுதான். இவ்வளவு எலிகள் "குணமான" பிறகும் மனிதருக்குக் கிடைத்தது ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்வி இந்த வழிகாட்டி முழுவதும் கூடவே வரும்.

பிள்ளைகளுக்கு வருபவை வேறு. சிறுமூளையில் வரும் மெடுலோபிளாஸ்டோமா ஒன்று. மூளைத்தண்டின் பொன்ஸ் பகுதிக்குள் பரவி வளரும் கிளியோமா மற்றது. வெட்டி எடுக்கவே முடியாத இடம். இந்த இரண்டாவதில் ஹிஸ்டோன் எச்3 புரதத்தில் கே27எம் என்ற விகாரம் இருப்பது 2012இல் தெரியவந்தது. அதன் பிறகுதான் அதற்கேற்ற எலி மாதிரியுருக்களை உருவாக்க வழி பிறந்தது.

கிளியோபிளாஸ்டோமாவின் இயல்பில் முக்கியமானது அதன் ஊடுருவல். எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் நீர் எந்த வெடிப்பால் எங்கே போகிறது என்று மேலே நின்று சொல்ல முடியாது. இந்தக் கட்டியின் கலங்களும் அப்படித்தான், மூளையின் வெண்பொருள் இழைகளைப் பிடித்துக்கொண்டு ஸ்கானில் தெரியும் எல்லைக்கு வெகு அப்பால் போயிருக்கும். சத்திரசிகிச்சை நிபுணர் கண்ணுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் எடுத்தாலும் நோய் திரும்புவது இதனால்தான். நீங்கள் தெரிவுசெய்யும் எலிக் கட்டி ஊடுருவுகிறதா, உருண்டையாக நிற்கிறதா என்பதை முதல் நாளே கேளுங்கள்.

இரண்டாம் படி: கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"இந்த மருந்து கிளியோபிளாஸ்டோமாவுக்கு வேலை செய்யுமா?" என்பதை வைத்துக்கொண்டு பரிசோதனை செய்ய முடியாது. அதை உடைத்துப் பாருங்கள். குருதியிலுள்ள பொருட்களை மூளைக்குள் இலகுவில் விடாத சுவரான குருதி–மூளைத் தடுப்பை மருந்து தாண்டுமா? தாண்டினால் கட்டிக்கலத்தைக் கொல்லுமா? உடலின் எதிர்ப்புச் சக்தியான நிர்ப்பீடனத் தொகுதியை எழுப்புமா? கட்டி உருவாவதையே தடுக்குமா? இந்த நான்குக்கும் நான்கு வேறு எலிகள் தேவைப்படலாம்.

மூன்றாம் படி: மாதிரியுருவைத் தெரிவுசெய்தல்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். பெரும்பாலான பிழைகள் இங்கேதான் நடக்கின்றன, பிறகு திருத்தவும் முடியாது.

பழையதும் இன்றும் அதிகம் பாவிக்கப்படுவதுமான வழி, எலியின் சொந்தக் கட்டிக்கலங்களை அதே இன எலியின் மூளையில் வைப்பது. ஜிஎல்261 இதில் பெயர்போனது. 1939இல் செலிக்மன், ஷியர் என்ற இருவர் மெதில்கொலாந்திரீன் என்ற புற்றுநோயூக்கி இரசாயனத்தைச் சிறு உருண்டையாக்கி சி57 கறுப்பு எலிகளின் மூளைக்குள் வைத்தார்கள். அதில் உருவான கட்டியின் வழிவந்ததுதான் ஜிஎல்261. 1990களில் இதே இரசாயனத்தால் வந்த இன்னொரு வழி சிடி-2ஏ. எலியும் கட்டியும் ஓரினம் என்பதால் நிர்ப்பீடனத் தொகுதி முழுதாக இருக்கும். ஆகவே நிர்ப்பீடனச் சிகிச்சையைச் சோதிக்க இவற்றைத்தான் எடுப்பார்கள்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. இரசாயனத்தால் உருவாக்கிய கட்டியில் விகாரங்கள் அளவுக்கு மீறி இருக்கும். ஜிஎல்261இல் புரதத்தை மாற்றும் விகாரங்கள் ஏறத்தாழ 5,000. விகாரம் கூடக் கூட நிர்ப்பீடனக் கலங்களுக்கு அந்நியமாகத் தெரியும் புரதங்களும் கூடும். மனித கிளியோபிளாஸ்டோமாவில் விகாரச் சுமை பொதுவாகக் குறைவு. நிர்ப்பீடனக் கலங்களை அடக்கிவைக்கும் பிடி-1 புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் ஜிஎல்261 எலிகளில், குறிப்பாகக் கதிரோடு சேர்த்துக் கொடுத்தபோது, ஒரு பகுதி எலிகளை நீண்ட காலம் வாழ வைத்தன. மனிதரில் நடந்த செக்மேட் 143 ஆய்வில் நோய் திரும்பிய 369 பேர் பங்குகொண்டார்கள். அந்த வகை மருந்தான நிவோலுமாப் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 9.8 மாதம், ஒப்பீட்டு மருந்தான பெவாசிசுமாப் பெற்றவர்களுக்கு 10.0 மாதம். நன்மை எதுவும் இல்லை. எஸ்பி28 என்ற புதிய எலிக் கட்டியில் அத்தகைய விகாரங்கள் நூறுக்குச் சற்று மேல்தான். அது இந்த மருந்துகளுக்கு மசியவில்லை, மனித நோயைப் போலவே. நிர்ப்பீடனச் சிகிச்சை பற்றிய எந்த ஆய்வும் ஜிஎல்261ஓடு மட்டும் நின்றால் நான் அதை அரைவாசி முடிந்த ஆய்வாகவே எடுப்பேன்.

இரண்டாவது வழி, மனிதக் கட்டியை எலியில் வளர்ப்பது. எலியின் நிர்ப்பீடனத் தொகுதி மனிதக் கலத்தை விரட்டிவிடும் என்பதால் நிர்ப்பீடனம் குன்றிய எலி வேண்டும். 1960களில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் கண்டுபிடிக்கப்பட்ட மயிரில்லா எலிக்குத் தைமஸ் சுரப்பி வளர்வதில்லை, எனவே அந்நியக் கலங்களைத் தாக்கும் டீ கலங்கள் இல்லை. என்எஸ்ஜி எலிக்கு டீ, பீ கலங்களோடு இயற்கைக் கொல்லிக் கலங்களும் இல்லை. எதை வைத்தாலும் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.

இங்கே யு87 என்ற கலவழியைப் பற்றி, அதாவது ஆய்வுகூடத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்துவரும் கலங்களைப் பற்றி, எச்சரிக்கையாக இருங்கள். 1960களில் சுவீடனின் உப்சாலாவில் ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்தது என்று சொல்லி உலகம் முழுவதும் பாவித்தார்கள். 2016இல் அதே உப்சாலா ஆய்வாளர்கள் பழைய கட்டியின் திசுவோடு டீ.என்.ஏ.யை ஒப்பிட்டுப் பார்த்தபோது, கலவங்கியில் இருந்து விநியோகிக்கப்படும் யு87 அந்த நோயாளியுடையது அல்ல என்று தெரிந்தது. மூளைக் கட்டியாகத்தான் இருக்கும், ஆனால் யாருடையது என்று தெரியாது. அதைவிடப் பெரிய குறை, அது எலியின் மூளையில் விளிம்பு தெளிவான உருண்டையாக வளர்கிறது, சுற்றிவர ஊடுருவுவது மிகக் குறைவு. அப்படியான கட்டியைச் சுருக்கிக் காட்டுவது எளிது. யு87 ஒன்றை மட்டும் வைத்து, அதுவும் எலியின் விலாத்தோலுக்குக் கீழே வளர்த்து, "மூளைக் கட்டிக்கு மருந்து" என்று எழுதும் கட்டுரைகள் இன்றும் வருகின்றன. தோலுக்குக் கீழே குருதி–மூளைத் தடுப்பும் இல்லை, மூளையும் இல்லை.

சத்திரசிகிச்சையில் எடுத்த திசுவை நேரே எலிக்கு மாற்றி, எலியிலிருந்து எலிக்கு வளர்த்துவரும் முறை இதைவிட நல்லது. அல்லது சீரம் (குருதியின் தெளிந்த நீர்ப்பகுதி) சேர்க்காத ஊடகத்தில், ஈஜிஎப், எப்ஜிஎப் என்ற வளர்ச்சிக் காரணிகளோடு கலங்களைக் கோளமாக வளர்த்துப் பிறகு எலிக்கு வைக்கலாம். சீரத்தில் வளர்ந்த கலங்கள் மூலக் கட்டியின் குணத்தை இழந்துவிடுகின்றன, சீரமில்லாமல் வளர்ந்தவை காத்துக்கொள்கின்றன என்பதை 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். இவற்றின் கட்டி மனித நோய் போலவே ஊடுருவும். காத்திருக்கத்தான் வேண்டும், கட்டி வர மாதக்கணக்கு ஆகலாம்.

மூன்றாவது வழி, எலியின் பரம்பரையலகையே மாற்றி மூளைக்குள் கட்டி தானாக உருவாக விடுவது. வேண்டிய கலத்தில் பரம்பரையலகை வெட்டியெடுக்கும் கிரீ–லொக்ஸ் முறையால் என்எப்1, பி53, பீடென் ஆகிய கட்டித் தடுப்புப் பரம்பரையலகுகளை மூளையின் மூலக்கலங்களில் மட்டும் நீக்கினால் ஊடுருவும் கிளியோமா வருகிறது. எனக்குப் பிடித்தது ஆர்காஸ் முறை. கோழிகளைத் தொற்றும் வைரசுக்கு எலிக்கலத்தில் நுழைய வாசல் கிடையாது. அந்த வாசலான டிவிஏ என்ற ஏற்பியை, நெஸ்டின் புரதத்தை உருவாக்கும் முன்னோடிக் கலங்களில் மட்டும் வைத்து எலியைப் பிறப்பிக்கிறார்கள். பிறகு பிடிஜிஎப்-பி என்ற வளர்ச்சிக் காரணியை ஏற்றிய வைரசைக் குட்டியின் மூளைக்குள் விட்டால், வாசல் உள்ள கலங்கள் மட்டுமே கட்டியாகும். எந்தக் கலத்தில் நோய் தொடங்குகிறது என்று கேட்பதற்கு இதைவிடத் துல்லியமான வழிகள் குறைவு.

பிள்ளைகளின் மெடுலோபிளாஸ்டோமாவுக்கு 1997இல் வந்த பட்ச்1 எலி முக்கியம். அந்தப் பரம்பரையலகின் இரண்டு பிரதிகளில் ஒன்று இல்லாத எலிகளில் ஒரு பகுதிக்கு சிறுமூளையில் கட்டி வரும். எல்லா எலிக்கும் வராது, ஒரே நேரத்திலும் வராது. அதனால் எலிகளின் எண்ணிக்கையைக் கூட்டித் திட்டமிட வேண்டும்.

நான்காம் படி: அனுமதியும் எலி வீடும்

பல்கலைக்கழகத்தின் விலங்கு ஒழுக்கநெறிக் குழுவின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு எலியையும் தொடக்கூடாது. இலங்கையின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1907 காலத்தது. சட்டம் பழையது என்பதற்காக நம் பொறுப்பு குறையாது, கூடத்தான் செய்யும். ரசல், பேர்ச் என்ற இருவர் 1959இல் வகுத்த மூன்று விதிகளைத்தான் எல்லாக் குழுக்களும் பார்க்கும்: விலங்கில்லாமல் செய்ய முடியுமா, எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா, வேதனையைக் குறைக்க முடியுமா. "முடியாது" என்று எழுதினால் ஏன் என்றும் எழுத வேண்டும்.

எலி வீட்டின் வெப்பநிலை 20 முதல் 24 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும், 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு. இதைக் குளிர்நாட்டில் எழுதுவது சுலபம். பங்குனி, சித்திரை வெயிலில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றால் அந்த அறை அரைமணி நேரத்தில் என்ன ஆகும் என்று யோசித்துத்தான் இங்கே திட்டமிட வேண்டும். மின்பிறப்பாக்கி தானாக இயங்குமா, இரவில் யார் வருவார், எரிபொருள் எங்கே இருக்கிறது என்ற கேள்விகளும் ஆய்வு முன்மொழிவில் இடம்பெற வேண்டியவைதான். வெப்பத்தில் தவித்த எலியின் நிறை குறைந்தால் அது மருந்தாலா கட்டியாலா வெயிலாலா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. என்எஸ்ஜி போன்ற எலிக்கு வடிகட்டிய காற்றும் கிருமியழித்த கூடும் தீனும் தண்ணீரும் வேண்டும். அந்த வசதி உறுதியாகும் வரை அவற்றை வரவழைக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: கலங்களைத் தயார்செய்தல்

கலவழியின் அடையாளத்தை டீ.என்.ஏ. சோதனையால் உறுதிசெய்யுங்கள். மைக்கோபிளாஸ்மா என்ற பற்றீரியாத் தொற்று இல்லை என்று பாருங்கள். வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் நிலையில் கலங்களை எடுத்து, தனித்தனியாகப் பிரித்து, டிரைபன் நீலச் சாயத்தால் உயிருள்ளவை எத்தனை வீதம் என்று எண்ணுங்கள். 90 வீதத்துக்குக் கீழே என்றால் அன்றைக்குச் சத்திரசிகிச்சை வேண்டாம். பனிக்கட்டியில் வைத்திருந்து கெதியாகப் பாவியுங்கள். நேரம் போகப் போகக் கலங்கள் இறக்கும். முதல் எலிக்கும் கடைசி எலிக்கும் ஒரே அளவு போகாது. அதனால் சிகிச்சைக் குழு முழுவதையும் முதலிலும் ஒப்பீட்டுக் குழுவைப் பிறகும் செய்யாமல் கலந்து செய்யுங்கள்.

ஆறாம் படி: மூளைக்குள் வைத்தல்

இதைப் பழகியவர் பக்கத்தில் நின்று, இறந்த எலிகளில் முதலில் பழகிப் பிறகுதான் செய்ய வேண்டும்.

மயக்கத்துக்கு ஐசோபுளூரேன் வாயு நல்லது, ஆழத்தை உடனுக்குடன் கூட்டிக் குறைக்கலாம். வாயு வசதி இல்லாத இடங்களில் கெற்றமினும் சைலசினும் சேர்த்து வயிற்றறைக்குள் ஊசி போடுவார்கள். வழக்கமான அளவு கிலோவுக்கு 100 மில்லிகிராம், 10 மில்லிகிராம். வெட்டுவதற்கு முன்பே புப்ரனோபின் போன்ற வலிநீக்கி கொடுக்க வேண்டும். கண்களுக்குக் களிம்பு பூசுங்கள், மயக்கத்தில் எலி கண்சிமிட்டாது, வெண்படலம் காய்ந்துவிடும். உடம்பின் கீழே சூடான விரிப்பு இருக்கட்டும். 20 கிராம் உயிர், சூட்டை நிமிடத்தில் இழக்கும்.

தலையை அசையாமல் பிடித்து மில்லிமீற்றர் கணக்கில் இடம் காட்டும் ஸ்டீரியோடாக்ஸிக் சட்டத்தில் காதுக்கம்பிகளாலும் பற்கம்பியாலும் பொருத்துங்கள். மயிர் நீக்கி, கிருமிநாசினி பூசி, நடுக்கோட்டில் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு வெட்டினால் மண்டையோடு முத்துப்போல் வெளிறித் தெரியும். அதைப் பஞ்சால் துடைத்துக் காயவிட்டால் பொருத்துக் கோடுகள் எழும்பி வரும். நெடுங்கோடும் குறுக்குக்கோடும் சந்திக்கும் முன்புள்ளி பிரெக்மா, பின்புள்ளி லாம்டா. இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று ஊசிமுனையால் தொட்டுப் பாருங்கள். மூக்குப் பக்கம் கொஞ்சம் சரிந்திருந்தாலும் ஆழத்தில் இடம் மாறிவிடும்.

பிரெக்மாவிலிருந்து வலப்பக்கம் 2 மில்லிமீற்றர், முன்னால் அரை முதல் 1 மில்லிமீற்றர். அங்கே சிறு துளைப்பானால் மெல்லத் துளையிடுங்கள். உப்புநீர் சொட்டுவிட்டுக் குளிரவைத்தபடி துளையிட்டால் கீழேயுள்ள மூளை வேகாது. என்பு மெலிந்து, கீழே குருதிக்குழாய்கள் செந்நூலாகத் தெரியத் தொடங்கும்போது துளைப்பானை எடுத்துவிட்டு மீதியை ஊசிமுனையால் விலக்குங்கள்.

மைக்ரோலீற்றர் அளவுக்கான ஹமில்டன் சிறிஞ்சில் கலங்களை ஏற்றமுன் குழாயை மெல்லக் கலக்குங்கள், கலங்கள் அடியில் படிந்திருக்கும். காற்றுக்குமிழி இருக்கக்கூடாது. ஊசியை 3.5 மில்லிமீற்றர் இறக்கி, அரை மில்லிமீற்றர் மேலே இழுங்கள். அந்த இடைவெளியில்தான் கலங்கள் தங்கும். ஜிஎல்261 என்றால் 2 மைக்ரோலீற்றரில் ஒரு இலட்சம் கலம் வழக்கமான அளவு. நிமிடத்துக்கு ஒரு மைக்ரோலீற்றருக்கு மேல் வேகம் வேண்டாம், அரை மைக்ரோலீற்றர் இன்னும் நல்லது. எலியின் முழு மூளையும் அரைக் கிராமுக்குள்தான், அது இரண்டு மைக்ரோலீற்றரையும் உணரும்.

முடிந்ததும் ஊசியை உடனே எடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள், பிறகு மிக மெல்ல உயர்த்துங்கள். அவசரமாக எடுத்தால் கலங்கள் ஊசித்தடத்தால் மேலே ஏறி மூளையுறையில் படிந்துவிடும். அங்கே வளர்ந்த கட்டிக்குத் தடுப்புச் சுவர் கிடையாது; மருந்து சுலபமாகப் போய்ச் சேரும். அந்த எலியின் "நல்ல முடிவு" கைப்பிழையால் வந்தது. துளையை என்பு மெழுகால் அடைத்து, தோலைத் தைத்து, எலி எழுந்து நடக்கும் வரை பக்கத்திலேயே இருங்கள்.

ஏழாம் படி: பார்த்துக்கொண்டிருத்தல்

எலி மூளையின் கட்டியைக் கண்ணால் காண முடியாது. எம்.ஆர்.ஐ. சிறந்தது, விலை கூடியது. பலர் மின்மினிப்பூச்சியின் லூசிபெரேஸ் நொதியைக் கட்டிக்கலங்களில் முன்பே புகுத்திவிடுவார்கள். லூசிபெரின் ஊசி போட்டுப் பத்து நிமிடமளவில் இருட்டுப்பெட்டிக் கமராவில் பார்த்தால் கட்டி ஒளிரும். கறுப்பு எலியின் மயிரும் தோலும் ஒளியை உறிஞ்சும் என்பதால் தலையை மழிக்க வேண்டும். நிர்ப்பீடனம் முழுதாக உள்ள எலிக்கு இந்த நொதி அந்நியப் புரதம் என்பதையும் மறக்காதீர்கள். ஒளிரும் கட்டி ஒளிராத கட்டியைவிடச் சுலபமாக விரட்டப்படலாம்.

நிறையைக் குறைந்தது வாரம் மூன்று முறை எடுங்கள். தொடக்க நிறையில் 20 வீதம் குறைந்தாலோ, முதுகு கூனி, மயிர் சிலிர்த்து, மூலையில் ஒதுங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, தலை புடைத்தாலோ அந்த எலியை அன்றைக்கே வேதனையில்லாமல் முடிவுக்குக் கொண்டுவர வேண்டும். "இன்னும் ஒரு நாள் பார்ப்போம்" என்பது கொடுமை. வாழ்நாள் வரைபில் அந்த ஒரு நாள் எந்த உண்மையையும் கூட்டாது.

எட்டாம் படி: சிகிச்சையை மனிதருக்குக் கொடுப்பது போலக் கொடுங்கள்

எலிக்கான அளவைக் கிலோக் கணக்கில் அப்படியே மனிதருக்கு ஒப்பிடக்கூடாது. உடல் மேற்பரப்புக் கணக்கில் எலியின் கிலோவுக்கான மில்லிகிராமை மூன்றால் பெருக்க வேண்டும். டெமொசொலமைட் கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்று எலிக்குக் கொடுத்தால் அது சதுர மீற்றருக்கு 150 மில்லிகிராம். நோயாளிக்கு மாதத்தில் ஐந்து நாள் கொடுப்பதும் சதுர மீற்றருக்கு 150 முதல் 200 மில்லிகிராம்தான். இப்படிப் பொருந்தினால் நம்பலாம். மனிதர் தாங்காத அளவைக் கொடுத்துக் கட்டியைக் கரைத்திருந்தால் அந்த முடிவு அங்கேயே நின்றுவிடும்.

தடுப்புச் சுவரைப் பற்றி ஒரு சம்பவம் சொல்கிறேன். 1990களின் தொடக்கத்தில் அம்ஸ்டர்டாமில் நெதர்லாந்துப் புற்றுநோய் நிறுவனத்தில், பி-கிளைக்கோபுரதம் இல்லாத எலிகளை உருவாக்கி வளர்த்தார்கள். எலிக்கூட்டத்தில் உண்ணி பிடித்தது. வழக்கம்போல ஐவர்மெக்டின் மருந்து போட்டார்கள். சாதாரண எலிகளுக்கு ஒன்றுமில்லை, பி-கிளைக்கோபுரதம் இல்லாதவை செத்து விழுந்தன. தேடிப் பார்த்தபோது அவை அந்த மருந்துக்கு நூறு மடங்கு பலவீனமானவை என்று தெரிந்தது. மூளையின் குருதிக்குழாய்ச் சுவரில் நின்று வருகிற மருந்துகள் பலவற்றைத் திருப்பிக் குருதிக்குள் தள்ளும் பம்பியாக அந்தப் புரதம் இயங்குகிறது என்பதை 1994இல் வெளியிட்டார்கள். உங்கள் மருந்தை அந்தப் பம்பி வெளியே தள்ளுமா என்று பார்ப்பதற்கு இன்றும் அதே வகை எலிகள்தான் பயன்படுகின்றன. கட்டியின் நடுவில் சுவர் உடைந்திருக்கும், மருந்து போகும். விளிம்பில் ஊடுருவிய கலங்கள் இருக்கும் இடத்தில் சுவர் உறுதியாகவே நிற்கும். மருந்தின் செறிவைக் கட்டியின் நடுவில் மட்டும் அளந்தால் போதாது.

தொடங்கும் நாளும் முக்கியம். கலம் வைத்த மூன்றாம் நாளே மருந்து தொடங்கினால் அங்கே இன்னும் கட்டி என்று ஒன்றில்லை. நம் நோயாளி தலையிடியோடோ வலிப்போடோ வரும்போது கட்டி சென்ரிமீற்றர் கணக்கில் இருக்கும். கட்டி ஒளிர்வதைக் காட்டும் படத்திலோ எம்.ஆர்.ஐ.யிலோ கட்டி பிடித்துவிட்டது என்று உறுதியான பிறகு, கட்டியின் அளவைப் பார்த்துக் குழுக்களைச் சமமாக, எழுமாற்றாகப் பிரித்து, அதன் பிறகு தொடங்குங்கள்.

பலர் தவறவிடும் இன்னொன்று டெக்சாமெதசோன். மூளை வீக்கத்தைக் குறைக்க எந்த வார்டிலும் இதைக் கொடுப்பார்கள். அது நிர்ப்பீடனத் தொகுதியை அடக்கும். எலிகளோ அது எதுவும் இல்லாமல், இளமையாக, முன்பு கதிரோ மருந்தோ படாமல் இருக்கின்றன. நிர்ப்பீடனச் சிகிச்சையைச் சோதிப்பதாக இருந்தால் ஒரு குழுவுக்காவது டெக்சாமெதசோன் கொடுத்துப் பாருங்கள்.

ஒன்பதாம் படி: முடிவெடுத்தல்

எத்தனை எலி என்பதை முன்பே கணக்கிட்டு எழுதிவையுங்கள். வாழ்நாள் ஆய்வுகளில் குழுவுக்கு 8 முதல் 10 வரை சாதாரணம். எந்தக் கூட்டுக்கு எந்த மருந்து என்று அறியாத ஒருவர் எலிகளைப் பார்த்து முடிவு சொல்லட்டும். வாழ்நாளைக் காட்டக் கப்லன்–மையர் வரைபு, குழுக்களை ஒப்பிட லொக்-ராங் சோதனை. பிறகு மூளையை எடுத்து, போர்மல்டிகைட்டில் பதப்படுத்தி, வெட்டி, நுணுக்குக்காட்டியில் பாருங்கள். மனிதக் கட்டி என்றால் மனிதக் கருவை மட்டும் நிறமூட்டும் பிறபொருளெதிரி இருக்கிறது; எதிர்ப்பக்க அரைக்கோளத்துக்குப் போன தனிக்கலத்தையும் அது காட்டிக்கொடுக்கும். வரைபை மட்டும் வைத்து எழுதும் கட்டுரையைவிட இந்தத் துண்டுகளை வடிவாகப் பார்த்து எழுதிய கட்டுரைக்கு நான் கூடிய மதிப்புக் கொடுப்பேன்.

எலிகள் ஏன் இறந்தன என்பதையும் எழுதுங்கள். கட்டிக்கலத்தின் மேலுள்ள ஜிடி2 என்ற மூலக்கூறைக் குறிவைக்குமாறு மாற்றியமைத்த டீ கலங்களை (கார்-டீ கலங்கள்) அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் மூளைத்தண்டுக் கட்டி எலிகளில் சோதித்தபோது கட்டி கரைந்தது. ஆனால் சில எலிகள் கட்டியைச் சுற்றி எழுந்த வீக்கத்தால் இறந்தன. 2018இல் அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்கும் இளையவர்களுக்கும் அந்தச் சிகிச்சையைத் தொடங்கியபோது மூளை அழுத்தத்தைக் கவனிக்கவும் குறைக்கவும் முன்கூட்டியே ஆயத்தமாக இருந்தார்கள். மெடுலோபிளாஸ்டோமாவிலும் இப்படி ஒன்று நடந்தது. இந்தக் கட்டிகளில் சிலவற்றை வளர்க்கும் ஹெட்ஜ்ஹொக் என்ற கலச் சமிக்ஞை வழித்தடத்தை அடைக்கும் மருந்தைச் சில நாட்கள் மட்டும் குட்டி எலிகளுக்குக் கொடுத்தபோது என்பு வளர்ச்சி நிரந்தரமாகக் கெட்டதை 2008இல் காட்டினார்கள். அதே வகையான விஸ்மொடெகிப் பெற்ற பிள்ளைகளில் என்பின் வளர்ச்சித் தட்டு நேரத்துக்கு முன் மூடிக்கொண்டது 2017இல் அறிவிக்கப்பட்டது.

பிறருடைய ஆய்வை வாசிக்கும்போது

இவ்வளவும் தெரிந்த பிறகு "எலிகளில் கட்டி மறைந்தது" என்ற செய்தியை வாசிக்க அதிக நேரம் எடுக்காது. நேரே ஆய்வுமுறைப் பகுதிக்குப் போங்கள். எந்தக் கலவழி, மூளைக்குள்ளா தோலுக்குக் கீழா, எந்த எலி, எந்த நாளில் தொடங்கினார்கள், அளவு மனிதருக்குப் பொருந்துமா, இரண்டாவது மாதிரியுருவிலும் செய்தார்களா? 2010இல் வெளிவந்து 2020இல் புதுப்பிக்கப்பட்ட விலங்கு ஆய்வை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் அரைவ் வழிகாட்டியின்படி எழுமாற்றுப் பிரிப்பையும், எது எந்தக் குழு என்று பார்ப்பவருக்கு மறைத்ததையும் எழுதியிருக்கிறார்களா? கடைசியாக, மனிதரில் சோதனை தொடங்கியதா, எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

வீட்டாருக்குப் பதில் சொல்லும்போது உண்மையை அன்போடு சொல்லுங்கள். எலியில் வந்த முடிவு மனிதருக்குச் சிகிச்சையாக மாற வருடங்கள் எடுக்கும், பல நடுவிலேயே நின்றுவிடும். அதற்காகத் தெல்லிப்பழை, மகரகமை புற்றுநோய் வைத்தியசாலைகளில் தொடங்கிய கதிர்ச்சிகிச்சையை ஒரு நாளும் விடக்கூடாது என்பதை உறுதியாகச் சொல்லுங்கள். அந்தச் சிகிச்சை மனிதரில் நிரூபிக்கப்பட்டது.

யாழ்ப்பாணத்தில் இருந்தே எங்கே தொடங்கலாம்

எலி வீடு வரும் வரை கைகட்டி இருக்கத் தேவையில்லை. அமெரிக்கப் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம் முதலில் வெளியிட்ட புற்றுநோய் கிளியோபிளாஸ்டோமாதான், 2008இல். அதன் தரவுகளில் பெரும்பகுதி இலவசம். அலன் மூளை நிறுவகத்தின் ஐவி கிளியோபிளாஸ்டோமா அட்லஸில் கட்டியின் நடு, விளிம்பு, ஊடுருவிய பகுதி எல்லாவற்றின் திசுப்படங்களும் பரம்பரையலகுத் தரவும் திறந்து கிடக்கின்றன. ஒரு மடிகணினியும் இணைய இணைப்பும் இருந்தால் போதும்.

ஒரு மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது எலிகளில் சோதிக்கப்பட்ட எல்லாக் கட்டுரைகளையும் தேடி, கலவழி, எலியினம், வைத்த இடம், தொடங்கிய நாள், அளவு, எழுமாற்றுப் பிரிப்பு, முடிவு என்று ஒரு அட்டவணை போடுங்கள். இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு ஒப்பிடுங்கள். அந்த அட்டவணை முடியும்போது அந்த மருந்தைப் பற்றி உங்களுக்கு ஒரு சொந்தக் கருத்து இருக்கும். வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு உயர்பட்டப் படிப்புக்காக எழுதும்போது புள்ளிப் பட்டியலோடு அதையும் இணைத்து அனுப்புங்கள்.